தூக்கிச் செல்லும் படகு: வாங்குவதற்கு முன் எண்ணவேண்டியது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் வடிந்த பிறகு, தெமட்டகொடையில் நாங்கள் இருக்கும் தோட்டத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தோட்டம் என்றால் மரம் செடி நிற்கும் தோட்டம் அல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவில் ஒரு ஒழுங்கை, அதுதான் கொழும்பில் தோட்டம். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் கலந்து வாழும் இடம். கூட்டத்தில் பேசப்பட்ட விடயம் ஒன்றே ஒன்று: அடுத்த முறை கடற்படைப் படகு வரும்வரை கூரையில் காத்திருக்காமல், நமக்கென்று ஒரு சிறிய படகு வாங்கி வைத்தால் என்ன?

எல்லோரும் சம்மதித்தார்கள். காசும் சேர்த்தாயிற்று. எந்தப் படகு என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. மூலைக்கடை நானா என் பக்கம் திரும்பி, "தம்பி பத்திரிகைக்கு எழுதுற ஆள்தானே, விசாரிச்சு சொல்லுங்க" என்றார். அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் படகின் விலையைக் கேட்கவில்லை. "எத்தினை பேர் ஏறுவினம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த 1990களில், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போக கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடக்கவேண்டியிருந்தது. இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னால் கயிற்றில் கட்டிய பல படகுகள், விளக்கு இல்லாத பயணம். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தப் பயணிகள் கடற்படையால் கொல்லப்பட்டதை எங்கள் ஊர்களில் யாரும் மறக்கவில்லை. 1995இன் இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்களும் அந்த வழியாலேயே போனோம். எனக்கு அப்போது ஐந்து வயது. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் அம்மாவின் ஒரு கை அகலம்தான் இருந்தது என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. அன்று எத்தனை பேர் ஏறுவது என்று தீர்மானிக்கும் வசதி யாருக்கும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. ஆகவே அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

மூன்று தண்ணீர், மூன்று படகு

விசாரிக்கத் தொடங்கியதும் சொந்தக்காரர்களிடமிருந்தும் அழைப்பு வந்தது. வவுனியாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், குளத்தில் மீன் பிடிக்கவும் நண்பர்களோடு விடுமுறை நாளில் போகவும், மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகக்கூடிய படகு இருக்கிறதா என்று கேட்டார். கனடாவில் இருக்கும் மச்சான், ஒன்ராறியோவின் வடக்கில் வேட்டைக்காலத்தில் ஏரிகளைக் கடக்கத் தான் வைத்திருக்கும் ஊதற்படகின் படத்தை அனுப்பி, "இதையே வாங்குங்கோ" என்றார்.

மூவரும் கேட்பது ஒன்றுதான்: தூக்கிக்கொண்டு போகக்கூடிய படகு. ஆனால் மூன்று தண்ணீரும் வேறு.

தெமட்டகொடையின் வெள்ளத்தை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். களனி கங்கை பெருகும்போது ஆற்றுநீர் நகரக் கால்வாய்களுக்குள் நுழையாமல் இருக்க, நோர்த் லொக் எனப்படும் நீர்க்கதவை மூடுவார்கள். கதவு மூடியதும் நகரத்தில் பெய்த மழை அந்த வழியால் ஆற்றுக்குப் போகமுடியாது. தெமட்டகொடைக் கால்வாய் நிரம்பி, ஒழுங்கைகளுக்குள் ஏறுகிறது. ஆகவே எங்களிடம் வருவது பெரும்பாலும் ஓட்டமில்லாத, இடுப்பளவு, அழுக்குத் தண்ணீர். அதன் அடியில் கழன்ற தகரம், ஆணி, உடைந்த போத்தல், கம்பி எல்லாம் கிடக்கும். இதற்கு மாறாக வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கங்களில் ஆற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள இடங்களில் நீரோட்டம் இருக்கலாம். ஓடும் தண்ணீரில் சிறிய படகை இறக்குவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. எங்களைப் போன்றவர்களின் வேலை அல்ல.

வன்னிக் குளத்தின் தண்ணீர் அகலமானது, பின்நேரக் காற்றில் அலை எழும்பும். கட்டைகளாக நிற்கும் பட்டமரங்கள் பல குளங்களில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். மீனவர் விரித்த வலைகளும் இருக்கும், முதலையும் இருக்கும். ஒன்ராறியோ ஏரியில் ஆபத்து குளிர். இலையுதிர் காலத் தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சு தடுமாறும், சில நிமிடங்களில் கையும் காலும் இயங்க மறுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கே மூழ்கிப்போவது இதனால்தான்.

என்னென்ன வகைகள்

ஊதற்படகு: எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது இதுதான். மடித்தால் ஒரு பயணப் பைக்குள் அடங்கும். ஆனால் கடைகளில் விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் மெல்லிய பிவிசி படகும், மீட்புப் பணிக்கான படகும் ஒன்றல்ல. வாங்குபவர் பார்க்கவேண்டியவை: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காற்றறைகள் குறைந்தது மூன்று இருக்கிறதா, துணிவலை உள்ளே வைத்த தடித்த பொருளா, மூட்டுகள் எப்படி ஒட்டப்பட்டிருக்கின்றன, ஒட்டுப்போடும் பொதி கூட வருகிறதா. ஹைபலொன் எனும் செயற்கை இறப்பர் வெயிலைப் பிவிசியை விட நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்றபடி கூடும். காலையில் நிழலில் இறுக்கமாக ஊதிய படகை மத்தியான வெயிலில் விட்டால் உள்ளே காற்று விரியும். சற்றுக் காற்றைத் திறந்துவிடாவிட்டால் மூட்டு விடும்.

ஒற்றையாள் ஊதற்படகு: நடந்து காட்டுக்குள் போகிறவர்கள் முதுகுப்பையில் வைத்துக்கொள்வது. இரண்டிலிருந்து நான்கு கிலோவரைதான் பாரம். இந்த எண்ணம் புதிதல்ல. பிரித்தானியக் கடற்படையின் பீற்றர் ஹல்கெற் 1840களில் இறப்பர் பூசிய துணியில், மேலங்கியாகவும் போடக்கூடிய ஒரு படகைச் செய்தார். வட துருவப் பகுதியை ஆராய்ந்த ஜோன் ரே ஹல்கெற்றின் படகைப் பயன்படுத்தினார். ஒருவர் ஒரு ஆற்றைக் கடக்க இது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. மச்சான் சுடும் மூஸ் மான் பெரியதென்றால் இறைச்சி மட்டும் 200 கிலோவைத் தாண்டும். அதை இப்படியான படகில் ஒரே தடவையில் கொண்டுவர நினைத்தால் இறைச்சியும் போகும், ஆளும் போவார்.

மடிப்புப் படகு: இரண்டு வகை. மரச் சட்டத்தின் மேல் இறப்பர் துணியை இழுத்துப் பூட்டும் வகை ஜேர்மனியில் 1900களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்தது. பொலிப்புறொப்பலீன் தகடுகளை மடித்து விரிக்கும் வகை பிறகு வந்தது. மடித்தால் பலகைபோலச் சுவரில் சாத்தலாம். குத்துப்பட்டாலும் காற்றுப் போகாது. ஆனால் இங்கே கிடைப்பது அரிது, இறக்குமதி செய்தால் உதிரிப்பாகத்துக்கு அலையவேண்டும்.

சிறிய கடினப் படகு: கண்ணாடியிழை, அலுமினியம், தடித்த பிளாஸ்ரிக். மடியாது, இடம் பிடிக்கும். ஆனால் தகரத்தில் உரசினாலும் மரக்கட்டையில் இடித்தாலும் தாங்கும். கண்ணாடியிழைப் படகை நம் நாட்டின் எந்தக் கரையோர ஊரிலும் திருத்தலாம்.

நம்முடைய வகைகள்: கட்டுமரத்தை மறந்துவிட்டு மடிப்புப் படகைப் பற்றிப் பேசுவது சரியல்ல. தொழில் முடிந்து கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்து உலரப் போடுவார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். பிரித்துத் தூக்கும் படகுதான் அது. ஆங்கிலம் அந்தப் பெயரை எங்களிடமிருந்தே எடுத்துக்கொண்டது. குளங்களில் லொறி ரியூப்பில் இருந்து வலை வீசுபவர்களையும், வெள்ளத்தில் ரெஜிபோம் துண்டுகளைக் கட்டிப் பிள்ளைகளை ஏற்றியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

காசு இல்லாத இடத்தில் பீப்பாய்த் தெப்பம் செய்யலாம். அதன் கணக்கு எளிது. ஒரு லீற்றர் தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோவைத் தாங்கும். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பாய் நான்கு என்றால் 800 கிலோ. பீப்பாய்களின் பாரம் சுமார் 40, பலகையும் கயிறும் சுமார் 60 என்று கழித்தால் 700. முழுவதும் மூழ்கும்வரை ஏற்றமுடியாது, ஆகவே பாதிதான் கணக்கு: 350 கிலோ. நான்கு பெரியவர்களும் அவர்களுடைய பைகளும். மூடிகள் காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கவேண்டும், தெப்பம் உயரமாக இல்லாமல் அகலமாக இருக்கவேண்டும்.

எத்தனை பேர்

படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆட்களின் எண்ணிக்கையும் கிலோவும் எழுதியிருக்கும். இரண்டில் எது முதலில் நிரம்புகிறதோ அதுதான் எல்லை. தகடு இல்லாத பழைய படகுக்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. 20 அடிக்குக் குறைந்த ஒற்றையுடல் கடினப் படகாக இருந்தால், நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுக்கவேண்டும். 10 அடி நீளம், நாலரை அடி அகலம் என்றால் 45, அதை 15ஆல் வகுத்தால் 3. ஊதற்படகுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அமைதியான தண்ணீருக்கு மட்டுமே இது. காற்று இருந்தால் இன்னும் குறைக்கவேண்டும்.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர் சிரித்தார். "தண்ணி கழுத்துக்கு வரும்போது யாரு தம்பி வகுத்துப் பார்க்கிறது?" நியாயமான கேள்வி. அதனால்தான் தண்ணீர் வரமுன்னர் வகுக்கவேண்டும் என்றேன்.

யார் தூக்குவது, எங்கே வைப்பது

விளம்பரத்தில் "இலகுவாகக் கொண்டுசெல்லலாம்" என்று எழுதியிருக்கும். எவ்வளவு தூரம், எத்தனை பேர், எந்த வழியால் என்று எழுதியிருக்காது. நான் அளவுநாடாவோடு ஒழுங்கையில் நடந்தேன். மிக ஒடுங்கிய இடத்தில் 3 அடி 8 அங்குலம். நாலரை அடிப் படகு அங்கே படுக்கையாகப் போகாது, பக்கவாட்டில் சரித்துத் தூக்கவேண்டும். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 25 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் நான்கு பேர் தேவை, நான்கு பேர் நடுஇரவில் கிடைப்பார்களா என்று யோசிக்கவேண்டும்.

வெள்ளப் படகைத் தரைமட்ட அறையில் வைக்கக்கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் முதல் யோசனை மூலைக்கடையின் பின்னறையாகத்தான் இருந்தது. அந்த அறைதான் முதலில் மூழ்கும். மடித்த ஊதற்படகுக்கு இன்னொரு எதிரி எலி. வருடக்கணக்கில் விரிக்காமல் வைத்த பொதியைத் தேவைப்படும் நாளில் அவிழ்த்தால் ஓட்டைதான் மிஞ்சும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதி, ஒரு இரவு வைத்துப் பார்க்கவேண்டும். மின்சாரப் பம்பியை நம்பக்கூடாது. வெள்ளத்தில் முதலில் நிற்பது மின்சாரம். காலால் மிதிக்கும் பம்பியும் கூட இருக்கவேண்டும்.

இயந்திரம் வேண்டுமா

சிறிய வெளியிணைப்பு இயந்திரங்களில் பலவும் பதினைந்து கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் எரிபொருள். ஒழுங்கைத் தண்ணீரில் பொலித்தீன் பைகளும் வயர்களும் சுழலியில் சிக்கும். நடந்து வருபவர்களின் காலும் அதே தண்ணீருக்குள்தான் இருக்கிறது. இயந்திரம் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஆழம் குறைந்த இடத்தில் கம்பு ஊன்றியோ, கயிற்றைப் பிடித்து ஒருவர் முன்னால் நடந்தோ இழுக்கலாம். போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோதும் கடல்நீரேரித் தொழில் கம்பாலும் துடுப்பாலும் பாயாலும் நடந்தது.

இழுக்கும் ஆளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மின்கம்பம் நிற்கும் தண்ணீருக்குக் கிட்டப் போகவேண்டாம், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியானால் மட்டும் இறங்கவும். வெள்ளத் தண்ணீரில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம், காலில் காயம் இருந்தால் இன்னும் இலகுவாக வரும். தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கவேண்டும். பிறகு காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

சட்டமும் கரையும்

வவுனியா அண்ணாவுக்கு நான் சொன்னது: முதலில் அந்தக் குளத்தின் மீனவர் சங்கத்தைக் கேளுங்கள். மீன்பிடிப் படகுகளின் பதிவும் மீன்பிடி அனுமதியும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்தின் கீழ் வருகின்றன. குளம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்குள் இருந்தால் அவர்களின் அனுமதி இல்லாமல் படகு இறக்கமுடியாது. கனடாவில் அனுமதிப்பத்திரத்தோடு வேட்டையாடும் மச்சானின் கதையைக் கேட்டுவிட்டு இங்கே துவக்கோடு குளத்துக்குப் போகமுடியாது. காட்டு விலங்குகளுக்கு 1937ஆம் ஆண்டிலிருந்தே பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கனடாவிலும் ஒழுங்கு இல்லாமல் இல்லை. படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும், மோட்டார் படகு ஓட்டுபவரிடம் தகுதி அட்டை இருக்கவேண்டும், ரவை ஏற்றிய துப்பாக்கியோடு மோட்டார் படகில் போவது ஒன்ராறியோவில் பொதுவாகத் தடை.

வடக்கில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். தூக்கிச் செல்லும் படகின் வசதியே, பாதை இல்லாத இடத்தாலும் கரைக்குப் போகலாம் என்பதுதான். எங்கள் மண்ணில் அந்த வசதி ஆபத்தானது. முகமாலை, கிளாலிப் பக்கங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடம் நடந்தது என்பது தெரியும்தானே. பற்றைக்குள்ளால் குறுக்கு வழி பிடிக்காதீர்கள். ஊர்ச்சனம் நடக்கும் பாதையால் போய், ஊர்ச்சனம் இறங்கும் துறையில் இறக்குங்கள். அண்ணாவுக்கு மோட்டார் சைக்கிளில் கட்டும் ஊதற்படகு வேண்டாம், குளத்தடியில் யாராவது ஒருவரின் வளவில் வைக்கக்கூடிய சிறிய கண்ணாடியிழை வள்ளம் போதும் என்று சொன்னேன். தூக்கும் தூரம் குறைந்தால் மடிக்கும் தேவையும் இல்லை.

நாங்கள் வாங்கியது

கடைசியில் நாங்கள் ஊதற்படகு வாங்கவில்லை. தட்டையான அடி கொண்ட, 10 அடிக்கு நாலரை அடி, ஏற்கெனவே பாவித்த ஒரு கண்ணாடியிழைப் படகு. ஏறக்குறைய 50 கிலோ. நான்கு பக்கமும் கயிற்றுப் பிடி போட்டோம். நானாவின் வீட்டு மேல்மாடித் தாழ்வாரத்தில் கவிழ்த்துத் தொங்குகிறது. பழைய படகு என்பதால் மிச்சம் வந்த காசில் உயிர்காப்பு அங்கிகள் வாங்கினோம், இரண்டு பிள்ளைகளுக்கான அளவில். அம்மா படகைப் பார்க்கமுதல் அங்கிகளைத்தான் எண்ணினார்.

நாகலகம் வீதி நீர்மானியில் களனியின் மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அடிக்கணக்கில் அறிவிக்கும். 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். 5 அடி என்று வந்தவுடன் படகைக் கீழே இறக்குவது என்று தீர்மானம். யாரும் மாட்டிக்கொண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு முதலில் அழைப்பது, படகு இருக்கிறது என்று அழைக்காமல் விடுவதில்லை. முதலில் பிள்ளைகள், கர்ப்பிணிகள், நடக்கமுடியாதவர்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்ற பட்டியல், இப்போதே மூன்று இனத்தவரும் இருந்து எழுதியது.

ஒரு சண்டையும் நடந்தது. படகின் உட்புறத்தில் எண்ணிக்கையை எழுதவேண்டும் என்று நான் சொன்னேன். எழுதினால் நாளைக்கு ஒரு தாயை விட்டுவிட்டு வரவேண்டிவரும் என்று சிலர் சொன்னார்கள். எழுதாவிட்டால் ஐந்து பேர் ஏறி, மூன்று பேருக்கான படகு கவிழும் என்று நான் சொன்னேன். அரை மணி நேரம் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "விட்டிட்டுப் போறதெண்டு ஏன் சொல்லுறியள்? திரும்பி வருவம் எண்டு சொல்லுங்கோ. எங்களிட்ட அண்டைக்குத் திரும்பி வர ஆள் இல்லை. இஞ்ச இருக்கு" என்றார். பக்கத்து வீட்டு அக்கா அதைச் சிங்களத்தில் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

இப்போது படகின் உள்ளே, முன்பக்கத்தில், சிவப்புப் பூச்சில் 3 என்று எழுதியிருக்கிறது. இலக்கம் என்பதால் மூன்று மொழியில் எழுதவேண்டிய தேவை வரவில்லை.